வளர்வதெல்லாம் கட்டி இல்லை: ஒரு கல்லீரல் ஆர்கனாய்டு கிட்டோடு ஏழு மாதம்

ஐந்துக்கு மூன்று ஸ்டார். இரண்டரைதான் கொடுக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன், எழுத எழுதக் கோபம் தணிந்து அரை கூடிவிட்டது. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்கிற குறைகளில் பாதி இந்த மாதிரி கிட் விற்கிற எல்லோருக்கும் பொருந்தும், மீதிப் பாதியில் எங்கள் கை பழகாததும் சேர்ந்திருக்கிறது, அதனால் ஒருத்தரை மட்டும் நடுத்தெருவில் நிறுத்தித் திட்டுவது நியாயமில்லை.

நான் வேலூரில் ஒரு லேப்பில் புராஜெக்ட் வேலையில் இருக்கிறேன். ஆபரேஷனில் வெட்டி எடுத்த கல்லீரல் கட்டியிலிருந்து, நோயாளி கையெழுத்துப் போட்டுச் சம்மதித்த பிறகு, ஒரு சின்னத் துணுக்கு எங்களுக்கு வரும். அதை ஆர்கனாய்டாக வளர்த்து, எந்த மருந்துக்கு எது சாகிறது, எது அசையாமல் நிற்கிறது என்று பார்ப்பது என் வேலை. எதிக்ஸ் கமிட்டி அனுமதி வருவதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது, அது தனிக் கதை. அனுமதி வந்ததும் கைடு சொன்னார், செல்லை வளர்க்கிற மீடியத்தை நாமே கலக்கிக்கொண்டிருந்தால் நீ முடித்துப் போவதற்குள் எனக்கு ரிட்டையர்மென்ட் வந்துவிடும், பேசாமல் கிட் வாங்கிவிடு என்று. வாங்கினோம். விலை எவ்வளவு என்றால், மாதம் 37,000 ரூபாய் ஃபெலோஷிப் வாங்குகிற ஒருத்தர் மூன்று மாதம் சாப்பிடாமல் மெஸ் பில் கட்டாமல் சேர்த்தால் ஒரு பெட்டி வரும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெரியம்மா, நான் குட்டிக் கல்லீரல் வளர்க்கிறேன் என்று போளூர் வரைக்கும் சொல்லிவைத்திருக்கிறார். அப்படியெல்லாம் இல்லை. செல்களை ஒரு ஜெல்லுக்குள் பொதித்து, அவற்றுக்கு வேண்டிய வளர்ச்சிக் காரணிகள் கலந்த மீடியத்தை ஊற்றினால், அவை தாமாகவே கூடிக் கோளமாக அடுக்கிக்கொள்ளும், வந்த உறுப்பின் சில குணங்களையும் வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் ஆர்கனாய்டு. ரவையைவிடச் சின்னது. 2009-ல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு குடலின் ஒற்றை ஸ்டெம் செல்லிலிருந்து இப்படி வளர்த்துக் காட்டியது. அந்தக் குழுவிலிருந்த மெரிட்செல் ஹுக் 2013-ல் எலியின் கல்லீரலிலும், 2015-ல் மனிதக் கல்லீரலிலும் அதைச் செய்தார். பிறகு 2017-ல் அவருடைய குழுவே எட்டு நோயாளிகளின் கட்டிகளிலிருந்து மூன்று வகைக் கல்லீரல் புற்றுக்கு ஆர்கனாய்டு வளர்த்து வெளியிட்டது. இன்று கிட் விற்கிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் அந்த மூன்று கல்லீரல் கட்டுரைகளைத்தான் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள்.

தட்டில் தலைமுறை தலைமுறையாக வளர்கிற பழைய செல் லைன் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஹெப்-ஜி2 கதை ஒன்று போதும். கல்லீரல் லேப் என்று பெயர் வைத்த எந்த இடத்திலும் அது இருக்கும். 1970-களில் 15 வயதுப் பையன் ஒருவனின் கட்டியிலிருந்து எடுத்தது. பெரியவர்களுக்கு வருகிற முக்கியக் கல்லீரல் புற்றான எச்.சி.சி. என்று நினைத்து உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் கட்டுரை எழுதினார்கள், கடைசியில் 2009-ல் அது குழந்தைகளுக்கு வருகிற ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்று நிறுவினார்கள். இப்போதும் பல தீசிஸ்களில் அதற்கு எச்.சி.சி. என்றுதான் பட்டம். ஒரே பையனின் செல்லை இத்தனை வருஷம் தட்டில் படரவிட்டு, அதை வைத்து வேலூரில் வார்டில் படுத்திருக்கிற 60 வயதுக்காரரின் கட்டியைப் பற்றிப் பேசுவது எப்படி? ஆளுக்கு ஆள் கட்டி வேறு. ஆர்கனாய்டின் கவர்ச்சியே அங்கேதான் இருக்கிறது.

சரி, கிட்டுக்கு வருகிறேன்.

பெட்டி வந்தது மே மாதம், சனிக்கிழமை மதியம். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோட்டை அகழி ஓரம் நாய்கூட நடக்காது. கூரியர்காரர் லேப்புக்குப் போன் செய்யாமல் கேட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வாட்ச்மேன் அண்ணன்தான் கூப்பிட்டார்: "யம்மா, ஒரு பொட்டி வந்துகீது, பொகை பொகையா வருது, இன்னாமா அது, வெடிக்குமா?" ஓடிப்போய்ப் பார்த்தால் வெளியே அட்டை, உள்ளே தெர்மோகோல், அதற்குள் டிரை ஐஸ் இன்னும் கைப்பிடி அளவு மிச்சம். பேக்கிங்கைப் பாராட்டியே ஆக வேண்டும், இன்னும் மூன்று மணி நேரம் தாங்கியிருக்கும். அந்த அரை ஸ்டார் இதற்குத்தான். ஆனால் உள்ளே வெப்பநிலை ஏறியதா என்று காட்டுகிற ஸ்டிக்கரோ லாகரோ எதுவும் இல்லை. இத்தனை விலைக்கு அதை வைக்க முடியாதா? ஆர்டர் போடுகிறவர்கள் திங்கள் அல்லது செவ்வாய் டெலிவரி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பெங்களூரில் ஏறுகிற எந்தப் பெட்டியையும் நம்பாதீர்கள்.

உள்ளே மீடியம் பாட்டில், சப்ளிமென்ட் டியூப் மூன்று, திசுவைக் கரைக்கிற என்சைம் கலவை, உறைய வைக்கும் திரவம், ஜெல் குப்பி, அப்புறம் ஒரு கையேடு. கையேட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

முதலில் ஜெல். ஆட்டுக்கால் பாயாவை வைத்துவிட்டு மறந்தால் ஆறியதும் உறைந்துபோகும் இல்லையா, இது அதற்கு நேர் தலைகீழ். ஐஸில் இருக்கும்போது தேன் மாதிரி ஓடும், சூடு ஏறினால் உறைந்துவிடும், உறைந்ததைத் திரும்ப ஐஸில் வைத்தாலும் சட்டென்று இளகாது. 10 டிகிரியைத் தாண்டினாலே உறையத் தொடங்கும் பொருளை, ஏசி 24 வைத்தும் 28 காட்டுகிற கல்ச்சர் ரூமில், மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடிக்கிற இடைவெளியில் சமாளிப்பது என்பது, சொல்கிறேன், தனி வித்தை. முந்தின இரவே குப்பியை ஐஸில் புதைத்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஃபிரிட்ஜ் தட்டில் சும்மா வைத்தால் போதாது. ஜெல்லை உறிஞ்சுகிற பிளாஸ்டிக் டிப் பெட்டியையும் ஃபிரீசரில் போட வேண்டும். நான் முதல் தடவை டிப்பைக் குளிர வைக்கவில்லை. உறிஞ்சினேன், பாதி டிப்பின் உள்சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அந்த ஒரு டிப்பில் போனது என் ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு என்று கணக்குப் போட்டுப் பார்த்தது நான் செய்த இரண்டாவது தப்பு, கை இன்னும் நடுங்கியது.

செல்லோடு கலந்த ஜெல்லை 24 குழி பிளேட்டில் குழிக்கு 50 மைக்ரோலிட்டர் சொட்டாக வைக்க வேண்டும், சொட்டு குவிந்து நிற்க வேண்டும், இதற்கு டோம் என்று பெயர். என்னுடையது தோசை மாதிரி பரவியது. ஏன் என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். பிளேட்டை முந்தின இரவே 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துச் சூடாக்கியிருந்தால் சொட்டு விழுந்ததும் அடி பிடித்துக் குவிந்து நிற்குமாம். கையேட்டில் இது 19-ஆம் பக்கத்தில், அடிக்குறிப்பில், எறும்பு எழுத்தில் இருக்கிறது. டோம் வைத்து ஓரிரு நிமிடத்தில் பிளேட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து இன்குபேட்டரில் 15 நிமிடம் விட வேண்டும், இல்லையென்றால் செல்லெல்லாம் அடியில் போய் உட்கார்ந்து தட்டிலேயே படர ஆரம்பித்துவிடும். முதல் தடவை கவிழ்க்கும்போது சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன். விழவில்லை.

இன்னொரு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி நோட்டீஸில், விலங்குச் சோதனைக்கு மாற்று என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பொய் இல்லை. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் சட்டம் திருத்தினார்கள், நம் ஊரிலும் 2023-ல் புது மருந்து விதிகளைத் திருத்தி, மனிதருக்குக் கொடுப்பதற்கு முந்தைய சோதனைகளில் ஆர்கனாய்டுக்கும் இடம் கொடுத்தார்கள். ஆனால் இந்த ஜெல் எங்கிருந்து வருகிறது தெரியுமா? எலியின் உடலில் வளர்க்கிற ஒரு சார்கோமாக் கட்டியிலிருந்து பிரித்தெடுப்பது. எலி வேண்டாம் என்று கிளம்பிய பயணத்தை எலியின் முதுகில் ஏறித்தான் போகிறோம். அதனால்தான் குப்பிக்குக் குப்பி கெட்டித்தன்மையும் மாறுகிறது, இயற்கையில் வளர்ந்த பொருளுக்கு அளவு வைக்க முடியாது. எங்கள் இரண்டாவது பெட்டியின் ஜெல் முதல் பெட்டியைவிட இளகலாக இருந்தது. பெரிய சோதனை செய்கிறவர்கள் ஒரே லாட் எண்ணில் மொத்தமாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

திசுவைக் கரைக்கிற கலவை பற்றி ஒரு வார்த்தை. வருகிற துணுக்கு துவரம் பருப்பு அளவு, ஊசி பயாப்ஸி என்றால் ஒடிந்த சேமியா அளவு. பிளேடால் பொடியாக நறுக்கி, கலவையில் போட்டு, 37 டிகிரியில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கையேடு அரை மணி நேரம் என்கிறது. எங்கள் ஊருக்கு வருகிற கட்டிகளில் முக்கால்வாசி சிரோசிஸ் ஆன கல்லீரலில் வளர்ந்தவை, முற்றின கொத்தவரங்காய் மாதிரி நார் நாராக இருக்கும். அரை மணியில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மணி, சிலதுக்கு மூன்று மணி வைத்தோம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து. கலவை நன்றாகத்தான் வேலை செய்கிறது, நேரத்தை மட்டும் நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள்.

இனி முக்கியமான இடம்.

நான்காவது மாதிரி. முந்தின மூன்றும் ஊற்றிக்கொண்டன, ஒன்றில் பூஞ்சை, இரண்டில் வெறும் குப்பை. நான்காவதில் ஐந்தாம் நாள் காலை பார்த்தால் டோம் முழுக்கச் சோப்பு நுரை மாதிரி கண்ணாடிக் குமிழிகள். வட்டமாக, மெல்லிய விளிம்போடு, உள்ளே வெற்றாக, நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே. எனக்குத் தலைகால் புரியவில்லை. போட்டோ எடுத்து லேப் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், கைடு கைதட்டுகிற பொம்மை மூன்று அனுப்பினார், ஆற்காட்டிலிருந்து தினமும் வருகிற சீனியர் ஒருவர் மறுநாள் மக்கன் பேடா ஒரு டப்பா வாங்கி வந்தார். பத்து நாளுக்கு ஒருமுறை ஒன்றை நான்காகப் பிரித்தோம், பிரிக்கப் பிரிக்க வளர்ந்தது. சோராஃபெனிப் என்ற கல்லீரல் புற்று மருந்தை வைத்து முதல் சோதனைகூடச் செய்தோம். எண்கள் அழகாக வந்தன. போஸ்டருக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெத்தாலஜி அக்கா ஒருவர் வெறும் மரியாதைக்காகப் பார்க்க வந்தவர். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தவர் எடுக்கவே இல்லை. அப்புறம் கேட்டார்: "இத செக்ஷன் போட்டுப் பார்த்தியாம்மா?" இல்லைக்கா என்றேன். "போட்டுப் பாரு. எனக்கென்னமோ இது ட்யூமர் மாதிரி தெரியல."

மெல்லிசாகச் சீவி, செக்ஷன் போட்டுப் பார்த்தோம். குமிழியின் விளிம்பில் ஒரே வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அணிவகுப்பு மாதிரி ஒழுங்கான செல்கள், நியூக்ளியஸ் எல்லாம் ஒரே அளவு. அதே நோயாளியின் கட்டி ஸ்லைடை அக்கா பக்கத்தில் வைத்தார். அதில் நியூக்ளியஸ் பெரிசும் சின்னதும் கோணலுமாக, சந்தை கலைந்த மாதிரி. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஒன்றரை மாதமாக நான் தாலாட்டி வளர்த்தது புற்று இல்லை, கட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்த நல்ல பித்தக்குழாய்ச் செல். மக்கன் பேடா செரித்துப்போய் ரொம்ப நாள் ஆகியிருந்தது.

இது எனக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், இந்தத் துறையில் எல்லோரும் ஒருமுறை விழுகிற குழி. காரணம் எளிது. நல்ல பித்தக்குழாய்ச் செல்லுக்கு மீடியத்தில் சேர்க்கிற ஆர்-ஸ்பாண்டின், வின்ட், நாகின் என்ற புரதங்கள் எல்லாம் விருந்து. கொடுத்தால் வெறி பிடித்த மாதிரி வளரும். கட்டிச் செல் மெதுவானது, பல கட்டிகளில் பீட்டா-கேடெனின் மரபணு மாறி, செல்லை வளரச் சொல்கிற வின்ட் பாதை உள்ளேயே திறந்து கிடக்கும், அவற்றுக்கு வெளியிலிருந்து ஊட்ட வேண்டியதே இல்லை. ஒரே பந்தியில் இரண்டையும் உட்கார வைத்தால் யார் தின்று தீர்ப்பார்கள்? அதனால்தான் 2017 கட்டுரையில் கட்டித் திசுவுக்குத் தொடக்க வாரங்களில் அந்த மூன்றையும் எடுத்துவிட்டு, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் செல் சாகாமல் காக்கிற ரோ-கைனேஸ் தடுப்பானையும் சேர்த்தார்கள். நல்ல செல் பட்டினியில் ஒதுங்கும், கட்டி தலைதூக்கும்.

இந்த கிட்டில் என்ன செய்திருக்கிறார்கள் என்றால், அந்த மூன்றையும் ஒரே சப்ளிமென்ட் டியூபில் மற்றவற்றோடு சேர்த்துக் கலந்து வைத்திருக்கிறார்கள். பிரிக்க முடியாது. பெட்டி மேலே, கல்லீரல் மற்றும் கல்லீரல் புற்று ஆர்கனாய்டுகளுக்கு என்று அச்சிட்டிருக்கிறது. கையேட்டில் கட்டித் திசுவுக்குத் தனி வழிமுறை என்று ஒரு வரி கிடையாது, நல்ல செல் மேலேறி வந்துவிடும் என்ற எச்சரிக்கை கிடையாது, வளர்ந்தது கட்டிதானா என்று எப்படிச் சோதிப்பது என்பது சுத்தமாகக் கிடையாது. நான் குறைத்த இரண்டு ஸ்டாரில் ஒன்றரை இதற்குத்தான். ஜெல் இளகல், கையேட்டின் எறும்பு எழுத்து எல்லாம் சகித்துக்கொள்ளலாம். வளர்ந்ததைப் பார்த்ததும் சந்தோஷப்படத் தூண்டுகிற மாதிரி ஒரு பொருளை விற்றுவிட்டு, எது வளர்ந்தது என்று பார் என்று சொல்லாமல் விடுவது சரியில்லை.

எப்படிப் பார்ப்பது என்று நானே சொல்லிவிடுகிறேன். வெற்றுக் குமிழி என்றால் சந்தேகப்படுங்கள், எச்.சி.சி. ஆர்கனாய்டு பெரும்பாலும் உள்ளே அடைத்த, இறுகின உருண்டையாக, கொஞ்சம் அசிங்கமாகவே இருக்கும். செக்ஷன் போட்டு நோயாளியின் கட்டி ஸ்லைடோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏ.எஃப்.பி., கே19 என்ற இரண்டு அடையாளப் புரதங்களுக்குச் சாயம் ஏற்றுங்கள், கே19 பளிச்சென்று வந்து ஏ.எஃப்.பி. வரவில்லை என்றால் பித்தக்குழாய்ப் பக்கம் சாய்கிறது என்று அர்த்தம். ஆனால் கட்டியே பித்தக்குழாய்ப் புற்றாக இருந்தால் நல்ல செல்லும் கெட்ட செல்லும் இரண்டுமே கே19 காட்டும், அங்கே இந்த வித்தை பலிக்காது. கடைசியில் மரபணுதான் கோர்ட். கட்டியில் டெர்ட், டி.பி.53, பீட்டா-கேடெனின் என்ற மரபணுக்களில் எது மாறியிருக்கிறதோ, அதே மாற்றம் ஆர்கனாய்டிலும் இருக்கிறதா என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். இருந்தால் மட்டும் இனிப்பு வாங்குங்கள்.

அடுத்த மாதிரியிலிருந்து கிட்டின் அடிப்படை மீடியத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த டியூபைத் தொடாமல், மீதியைத் தனித்தனியாக வாங்கிச் சேர்த்தோம். அப்படியென்றால் கிட் எதற்கு என்று கைடு கேட்டார். நியாயமான கேள்வி. பதினொரு மாதிரிகளில் மூன்று நிஜமான கட்டி லைன் நின்றன. எண்ணிக்கையைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், ஸ்விட்சர்லாந்தில் பாசெல் குழு 2018-ல் ஊசி பயாப்ஸியிலிருந்து எச்.சி.சி. ஆர்கனாய்டு வளர்த்தபோதும் நான்கில் ஒன்றுதான் தேறியது, அதுவும் வேகமாக வளர்கிற, முதிர்ச்சி குலைந்த கட்டிகளில்தான். இது கிட்டின் குறை இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், சாதுவான கட்டிகள் தட்டில் வளரவே மாட்டேன் என்கின்றன, முரடுகள் மட்டும் தேர்வாகி வருகின்றன. நாம் படிப்பது எல்லா நோயாளியையும் பற்றி இல்லை. இதை எந்த நோட்டீஸும் சொல்லாது.

மருந்துச் சோதனைக்கு இந்த கிட் சரிதான், கட்டி லைன் கையில் நின்றுவிட்டால். ஆர்கனாய்டை உடைத்துச் சின்னக் குழிகளில் பரப்பி, சோராஃபெனிபை ஏறுவரிசையில் கொடுத்து, உயிரோடிருக்கிற செல்லின் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறை ஒளியாக அளப்போம். அதற்கான ரீஏஜென்ட் கிட்டில் வராது, தனிக் காசு. ஒரு லைன் சுருண்டு விழுந்த அளவில் இன்னொரு லைன் கல் மாதிரி நின்றதைப் பார்த்தபோது, ஏழு மாதத்தில் முதல் தடவையாக, இதற்குத்தானே வந்தோம் என்று தோன்றியது. சோராஃபெனிப் 2007-ல் கல்லீரல் புற்றுக்கு அனுமதி பெற்ற மருந்து, முற்றிய எச்.சி.சி.க்கு பத்து வருஷம் பெரும்பாலும் அது ஒன்றுதான் கதி. இன்று முதலில் கொடுக்கிறவற்றில் முக்கியமானது 2020-ல் அனுமதி பெற்ற அட்டிசோலிசுமாப், பெவசிசுமாப் ஜோடி. அங்கேதான் சிக்கல். ஒன்று நோயெதிர்ப்புச் செல்லைக் கட்டிக்கு எதிராகக் கட்டவிழ்த்து விடுவது, மற்றது கட்டிக்குப் போகிற ரத்தக் குழாயை மடக்குவது. நம் டோமில் நோயெதிர்ப்புச் செல்லும் இல்லை, ரத்தக் குழாயும் இல்லை. கொடுத்தால் ஒன்றும் நடக்காது. நடக்கவில்லை என்பதை வைத்து மருந்து வேலை செய்யாது என்று எழுதினால் அதைவிட அபத்தம் கிடையாது. நோட்டீஸில் எல்லாக் கல்லீரல் புற்று மருந்துகளையும் சோதிக்கலாம் என்று போட்டிருப்பதில் 'எல்லா' என்ற சொல்லை மனசுக்குள் அடித்துவிட்டுப் படியுங்கள்.

அந்தக் குமிழிகளை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். தூக்கிப் போடவில்லை, நீங்களும் போடாதீர்கள். மருந்து கட்டியை மட்டும் கொல்கிறதா, நல்ல செல்லையும் சேர்த்துக் கொல்கிறதா என்று பார்க்க அதே நோயாளியின் நல்ல செல் கையில் இருப்பது வரம். இன்னொரு ஆசையும் இருந்தது. பழைய வட ஆற்காடு மாவட்டமே மல்லாட்டை (வேர்க்கடலை) பூமி, எங்கள் பெரியப்பா களத்தில் மழையில் நனைந்து கறுத்த மல்லாட்டையைத் தனியாக ஒதுக்கிவிட்டு, கசக்குது, தின்னாதே என்பார். அந்தக் கறுப்புப் பூஞ்சைக் கூட்டத்தோடு சேர்ந்து வருகிற ஒரு பூஞ்சை நஞ்சுதான் அஃப்ளடாக்சின், டி.பி.53 மரபணுவில் 249-ஆம் இடத்தைக் குறிபார்த்து மாற்றுவதற்குப் பேர்போனது. அதை இந்தக் குமிழிகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. நடக்கவில்லை. அஃப்ளடாக்சின் அப்படியே டி.என்.ஏ.யில் போய் ஒட்டாது, முதிர்ந்த கல்லீரல் செல்லின் நொதிகள் அதை மாற்றிக் கொடுத்தால்தான் ஒட்டும். இந்த மீடியத்தில் வளர்கிற செல்லோ இன்னும் மீசை முளைக்காத பையன், அந்த நொதிகள் அதில் பேருக்குத்தான் இருக்கும். முதிர வைக்கிற மீடியம் தனிப் பெட்டி, தனி விலை. வாங்கவில்லை.

கஸ்டமர் கேர். ஈமெயிலுக்கு முதல் பதில், கையேட்டைச் சரியாகப் பின்பற்றினீர்களா என்று. இரண்டாவது பதிலும் அதுவேதான், நிறம் மட்டும் மாறியிருந்தது. மூன்றாவது தடவை போனில் ஒரு தம்பி கிடைத்தார், அவர் நிஜமாகவே கல்ச்சர் செய்தவர் போல. ஜெல்லை மீடியத்தால் ரொம்ப நீர்க்க விடாதீங்க, டோம் ஒரே நாளில் கரைஞ்சிடும், பழைய ஆர்கனாய்டை உடைக்கும்போது குளிர்ந்த மீடியத்தில் நன்றாக அலசி ஜெல்லை முழுக்க எடுத்துவிடுங்க என்று கால் மணி நேரம் பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே கையேட்டில் அடித்திருந்தால் இந்த விமர்சனத்தில் பாதி இருக்காது.

காலாவதி விஷயத்தையும் கவனியுங்கள். சப்ளிமென்ட் கலந்த மீடியம் ஃபிரிட்ஜில் இரண்டு வாரம்தான். மாதிரி எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும், ஆபரேஷன் தள்ளிப்போகும், நோயாளி அசாமிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்து காந்தி ரோடு லாட்ஜில் ஒரு மாதம் தங்கி டெஸ்ட் முடித்து, கடைசியில் ஆபரேஷன் வேண்டாம் என்று ஊருக்கு ரயிலேறிவிடுவார். முழு பாட்டிலையும் கலந்து வைத்துக்கொண்டு காத்திருந்தால் சாக்கடைக்குத்தான். சப்ளிமென்டைச் சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து உறைய வைத்து, மாதிரி வரும் நாளில் 50 மில்லி மட்டும் கலக்குங்கள்.

வாங்கலாமா? நல்ல கல்லீரல் செல்லை வளர்க்கப் போகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், நாலரை ஸ்டார். ஆர்கனாய்டு என்றால் என்ன என்று கை பழகிக்கொள்ளவும் நல்லது. புற்றுக்குத்தான் என்றால், பக்கத்தில் ஒரு பெத்தாலஜி அக்கா இருக்கிறாரா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு அடிப்படை மீடியத்தையும் ஜெல்லையும் மட்டும் தனியாக விற்கிறார்களா என்று கேளுங்கள். எங்களுக்கு அப்படித் தர மாட்டோம் என்றார்கள், நீங்கள் நாலு லேப் சேர்ந்து கேட்டால் தரக்கூடும்.

எங்களிடம் பிரிக்காத சப்ளிமென்ட் டியூப் இரண்டு சும்மா கிடக்கிறது, டிசம்பர் வரை தேதி இருக்கிறது. காட்பாடி, பாகாயம் பக்கம் யாராவது பித்தக்குழாய் ஆர்கனாய்டு வளர்க்கிறவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள், தருகிறேன். ஐஸ் பெட்டியோடு வாருங்கள், காலை பத்து மணிக்குள்.